டெர்மினலில் பொருள் பார்க்கலாம், ஆனால் பட்டியலை மொத்தமாகக் கொடுக்கும் முன்...

டெர்மினலை (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் திரை) விட்டு வெளியே வராமல் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் எடுக்க முடியுமா, ஒரு பட்டியலையே மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் கையில் ஏதோ மென்பொருளின் மெனு இருக்கிறது, இன்று ராத்திரியே முடித்துவிடலாம் என்று இருக்கிறீர்கள், சரியா? நானும் அப்படித்தான் இருந்தேன்.

கருவியின் பெயர் ட்ரான்ஸ்லேட் ஷெல். இணையத்தில் உள்ள மொழிபெயர்ப்புச் சேவையிடம் கேட்டு விடை வாங்கித் தரும். ஆக் என்ற நிரல் மொழியில் எழுதியது. லினக்ஸில் நேரடியாக நிறுவலாம். ‘ட்ரான்ஸ்’ (trans) என்று தட்டி, மொழிக் குறியும் சொல்லும் கொடுத்தால் போதும். சுருக்கமாக ஒரே விடை வேண்டுமென்றால் கூடவே ‘-பி’ (-b) போட வேண்டும்.

அந்த ‘-பி’தான் என்னைக் கவிழ்த்தது. அறுநூறு சொச்சம் மெனுச் சொற்கள். ஒவ்வொரு சொல்லாகத் தானே கேட்டுக்கொள்ள ஒரு லூப் எழுதி, விடைகளைத் தனிக் கோப்பில் சேர்த்து, கடைசியில் ‘பேஸ்ட்’ கட்டளையால் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். வேகமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் மொழிபெயர்ப்புச் சேவை ஓரிடத்தில் பதில் தர மறுத்திருக்கிறது. பிழைச் செய்தி திரையில் ஓடிப்போய்விட்டது. கோப்பில் ஒரு வரி குறைந்தது. அதற்குக் கீழே உள்ள எல்லாச் சொற்களும் ஒரு படி மேலே ஏறிவிட்டன. ‘டிலீட்’ பொத்தானின் மேல் ‘சேமி’. யோசித்துப் பாருங்கள்.

வரி பிசகாத இடத்திலும் கூத்துதான். ‘க்ளோஸ்’ என்றால் ‘நெருக்கமான’, ‘லெஃப்ட்’ என்றால் ‘விட்டு’. கருவியைக் குறை சொல்ல மாட்டேன். தனிச் சொல்லை நீட்டினால் அது மெனுவா பேச்சா என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘ஃபைல்’ கோப்பும்தான், இரும்பைத் தேய்க்கும் அரமும்தான். ‘-பி’ போடாமல் கேட்டால் பல சொற்களுக்குப் பெயர், வினை என்று பிரித்து மாற்றுச் சொற்களையும் காட்டும். பார்த்துப் பொறுக்குவது நம் வேலை.

“லூப்பைச் சரியாக எழுதத் தெரியாதவன்” என்று யாராவது வருவீர்கள். வாங்க, ஒப்புக்கொள்கிறேன். இப்போது மூலச் சொல், டேப், விடை மூன்றையும் ஒரே வரியில்தான் எழுதுகிறேன், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இரண்டு நொடி ‘ஸ்லீப்’, அதாவது இடைவெளி. விடை வராவிட்டாலும் அந்த வரி அந்த இடத்திலேயே நிற்கும், விடையின் இடம் மட்டும் காலியாக.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ‘சேமி’ பொத்தான் பத்து நாள் அப்படியே இருந்தது. ஒருவர்கூடச் சொல்லவில்லை. தமிழில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள் ஆங்கிலத்தையே திறந்து வைத்திருந்தார்கள்! கடைசியில் கண்டுபிடித்ததும் நான்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இணையம் இல்லாமல் வேண்டுமென்றால் எஸ்டிசிவி (sdcv) என்ற டெர்மினல் அகராதிக் கருவியைப் பாருங்கள். ஸ்டார்டிக்ட் என்ற அகராதி மென்பொருளின் வடிவில் உள்ள அகராதியை இறக்கி, அதற்குரிய கோப்புறையில் போட்டால் வேலை செய்யும். அகராதி என்பதால் எல்லாப் பொருளையும் வரிசையாகத் தரும். அப்புறம், டெர்மினலில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறித் தெரிந்தால் விடை கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பல டெர்மினல்களுக்குத் தமிழை அடுக்கத் தெரியாது. கோப்பில் எழுதி எடிட்டரில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.