டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல்: வீட்டில் செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓவர்டிரைவ் பெடல் என்பது கிடார் ஒலியைக் கரகரவென்று உடைத்துக் கொடுக்கும் காலடிப் பெட்டி. இங்கே வந்த எல்லாக் கேள்வியும் ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமரான டிஎஸ்808 சர்க்யூட்டை ஒட்டியவை. வெரோ போர்டு (செப்புத் தடங்கள் கொண்ட துளைப் பலகை), 4558 ஆப்-ஆம்ப் (இரண்டு பெருக்கிகள் அடங்கிய எட்டுக் கால் ஐசி), 9 வோல்ட் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இதில் சத்தத்தை உடைக்கிற இடம் எது?

பதில்: ஆப்-ஆம்ப்பின் ஒரு பாதி. அதன் அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 51கே (கிலோஓம்) ரெசிஸ்டரும் 500கே டிரைவ் பாட்டும் (உடைதலைக் கூட்டிக் குறைக்கும் திருகு ரெசிஸ்டர்) வரிசையாகப் போகின்றன. அவற்றுக்குக் குறுக்கே எதிரெதிராக வைத்த இரண்டு 1என்4148 டயோடு, கூடவே 51 பிகோஃபாரட் கெப்பாசிட்டர். மைனஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டு பக்கம் 4.7கே ரெசிஸ்டர், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். டிரைவ் குறைவாக இருந்தால் சுமார் 12 மடங்கு பெருக்கம், முழுக்கத் திருப்பினால் 118. இந்த 4.7கே-யும் 0.047-உம் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. பேஸ் கொழகொழவென்று ஆகாமல் மிட் (நடு ஒலி) முன்னால் நிற்பது இதனால்தான். பெடலின் குணமே இந்த ஐந்தாறு பாகங்களில் இருக்கிறது. இவற்றின் மதிப்பில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கேள்வி: 2எஸ்சி1815 டிரான்சிஸ்டர் கிடைக்காமல் பிசி549சி போட்டேன். பெடலை ஆன் செய்தால் சத்தமே இல்லை.

பதில்: டிரான்சிஸ்டர் நல்லதுதான், கால் வரிசை வேறு. தட்டை முகத்தை உங்கள் பக்கம் வைத்து இடமிருந்து பார்த்தால் 1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி549-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். தட்டை முகத்தை மறுபக்கம் திருப்புங்கள், எமிட்டர் சரியாகிவிடும். பிறகு மற்ற இரண்டு கால்களையும் குறுக்கே மாற்றிச் செருகுங்கள். ஒன்றோடொன்று உரசாமல் ஒரு காலுக்கு ஸ்லீவ் போட மறக்காதீர்கள்.

கேள்வி: பைபாஸில் (பெடலை ஆஃப் செய்த நிலையில்) கிடார் கேட்கிறது, ஆன் செய்தால் மௌனம். எங்கிருந்து தேடுவது?

பதில்: எதையும் கழற்றாதீர்கள், முதலில் மல்டிமீட்டர். கறுப்பு முனையைக் கிரவுண்டில் வையுங்கள். 4558-இன் 8-ஆம் காலில் 9 வோல்ட், 4-இல் பூஜ்யம், மற்ற ஆறிலும் ஏறக்குறைய 4.5 வர வேண்டும். ஆறிலும் தவறென்றால் 4.5 வோல்ட்டை உண்டாக்கும் இரண்டு 10கே-யையும் 47 மைக்ரோஃபாரட்டின் திசையையும் பாருங்கள். அவுட்புட் கால்களான 1 அல்லது 7 மட்டும் 8 வோல்ட்டுக்கு மேலேயோ 1 வோல்ட்டுக்குக் கீழேயோ போய் ஒட்டிக்கொண்டால், அந்தப் பாதியின் ஃபீட்பேக் (அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்குப் போகும் பாதை) அறுந்திருக்கும், அல்லது பக்கத்துத் தடத்தோடு ஈயம் சேர்ந்திருக்கும். தடங்களுக்கு இடையே பிளேடு நுனியால் கீறிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வோல்ட் எல்லாம் சரியா? ஆம்ப்பின் கேபிள் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டி, அதன் மறுகாலால் இன்புட்டிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு வாருங்கள். கேபிளின் கிரவுண்டு பெடலின் கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். ஒலி எங்கே நிற்கிறதோ, பழுது அங்கேதான்.

கேள்வி: டிரைவ் குறைவாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது. ஏற்ற ஏற்ற கம்பளி போர்த்திய மாதிரி மங்குகிறது.

பதில்: டயோடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது? 471 என்றால் அது 470 பிகோஃபாரட். 51-க்குப் பதில் 47 போடலாம்; அதன் மேல் 47 அல்லது 470 என்றுதான் இருக்கும். பத்து மடங்கு பெரியதைப் போட்டால், டிரைவ் முழுக்க வைத்தபோது சுமார் 600 ஹெர்ட்ஸிலிருந்தே மேல் ஒலி வெட்டுப்படும். சரியான மதிப்பில் அது 5,600-ஐத் தாண்டும்.

கேள்வி: பேஸ் கிடாருக்கு இதையே பயன்படுத்தலாமா சார்?

பதில்: 0.047-ஐ 0.1 ஆக்குங்கள். பெருக்கம் குறையத் தொடங்கும் இடம் 720-இலிருந்து 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், பேஸ் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: டயோடுக்குப் பதில் சிவப்பு எல்இடி?

பதில்: 1என்4148 போன்ற சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டில் அலையின் உச்சியை வெட்டும், சிவப்பு எல்இடி 1.7 பக்கம். அதனால் ஒலியளவு கூடும், உடைதல் குறையும். எனக்குப் பிடித்தது ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு 1என்4148. பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி-1 பெடல் அப்படித்தான்.

கேள்வி: வாசிக்காத நாளிலும் பேட்டரி தீர்ந்துபோகிறது.

பதில்: இன்புட் ஜாக் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸை ரிங் முனையில் (ஸ்டீரியோ ஜாக்கின் நடுத் தொடுமுனை) சால்டர் செய்யுங்கள். மோனோ பிளக் செருகினால்தான் ரிங் கிரவுண்டோடு சேரும். கேபிளைக் கழற்றி வைத்தால் மின்சாரம் ஓடாது.