சிறிய டிராக்டரில் லோடர்: பின்டயரில் தண்ணீர் நிரப்பினால் போதுமா?

டிராக்டரின் முன்னால் மாட்டும் லோடரில், அதாவது பக்கெட் வைத்த தூக்கும் கையில், மண்ணைத் தூக்கும்போது பின்சக்கரம் லேசாகிறது, டயரில் தண்ணீர் நிரப்பினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதி வேலையைத்தான் செய்யும்.

பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது அவை தரையை விட்டு எழும்பினால் பிரேக்கும் பிடிக்காது. எனக்குப் பெரிய பயமே இதுதான்.

டயரில் முக்கால் அளவு தண்ணீர் இருந்தால் பின்பக்கம் தரையில் நன்றாக அழுந்தும். ஆனால் முன் அச்சில் ஏறிய பாரம் அப்படியே இருக்கும். பின் அச்சுக்கும் பின்னால், திரீ பாயிண்ட் லிங்கேஜில் (கருவிகளை மாட்டும் பின்பக்கக் கைகளில்) தொங்கும் எடைதான் நெம்புகோல் மாதிரி அந்தப் பாரத்தையும் குறைக்கும்.

அப்படித் தொங்கவிட 200 லிட்டர் டிரம் நிறைய கான்கிரீட் போட்டால் சுமார் 480 கிலோ வரும். சின்ன வண்டிக்கு அதுவே அதிகமாகலாம். கையேட்டில் சொன்ன எடையையும் ஹைட்ராலிக் தூக்கும் திறனையும் பார்த்து முடிவு செய்யுங்கள். போதிய கனமுள்ள ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் கருவி) இருந்தால், பிடிஓவை (அதைச் சுழற்றும் டிராக்டர் தண்டை) நிறுத்திவிட்டு அதையே மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், பக்கெட்டைத் தரையை ஒட்டியே கொண்டுபோங்கள். உயரத் தூக்கியபடி திருப்பினால், பின்னால் எவ்வளவு எடை இருந்தாலும் வண்டி பக்கவாட்டில் கவிழலாம்.