வீடு மாமியார் பேரில் இருந்தால் மருமகளுக்கு உரிமை இல்லையா?

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருஷம். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். வீடு மாமியார் பேரில். சாவியைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிட்டார்கள். மதுரையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பினார்கள். நோட்டரி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் நகையைத் தருவார்களாம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பத்திரத்தைப் பார்க்காமலே சொல்கிறேன். "மனமொத்துப் பிரிகிறோம், நகைகளைப் பெற்றுக்கொண்டேன்" என்றுதான் இருக்கும். நோட்டரி சீல் குத்தினால் விவாகரத்து ஆகாது. அதை நீதிமன்றம்தான் தர வேண்டும். ஆனால் கைக்கு வராத நகையை வாங்கிக்கொண்டதாக நீங்களே எழுதிக் கொடுத்தது மட்டும் மிஞ்சும். இதை டைப் அடித்துக் கொடுத்தே பிழைக்கும் கூட்டம் கோர்ட் வாசல் டீக்கடைகளில் உண்டு. வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. "முடிச்சுத் தர்றேன்மா" என்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வீடு யார் பேரில் இருந்தாலும், நீங்கள் குடும்பம் நடத்திய வீடு அது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது. மறு வருஷமே ஒரு தீர்ப்பு வந்து, மாமியார் வீடென்றால் அங்கே குடியிருக்க மருமகளுக்கு உரிமையில்லை என்றாக்கியது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பதினான்கு வருஷம்!

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாமியாரை அப்படிச் சொல்ல முடியாது. மாமியாரும் பெண்தானே, எந்தப் பெண்ணையும் வெளியேறச் சொல்லி உத்தரவிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அவர் உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம், அவ்வளவுதான். ஒரே அடுப்படியில் அவரோடு இருக்க முடியாதென்றால், தனி வீட்டுக்கு வாடகை கேளுங்கள். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. நகையையும் மாஜிஸ்திரேட்டிடம் போடும் அதே மனுவில் கேளுங்கள்.

மனுவை மதுரையிலேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் போதும். சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் எழுத உதவுவார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வாய்தாவுக்கு மேல் வாய்தா. அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்களா? இல்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். அடிபட்டு ஜி.ஹெச்.சுக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டையும் தேடி எடுங்கள். அதில் "தவறி விழுந்தேன்" என்று சொல்லியிருந்தால், பயந்து சொன்னதை வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.