நெல் ரகமும் வேரில் வாழும் நுண்ணுயிர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். ஒரே வயலில் பாதி சி.ஆர். 1009, பாதி மாப்பிள்ளைச் சம்பா நட்டோம். இரண்டுக்கும் ஒரே அசோஸ்பைரில்லம் (காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா, உயிர் உரம்) பாக்கெட்தான். ஒன்றில் பலன் நன்றாகத் தெரிந்தது, மற்றதில் ஒன்றுமே தெரியவில்லை. மண்ணும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும்போது இது எப்படி?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் வயலில் நடந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ரகம் மாறினால் வேரில் சேரும் நுண்ணுயிர்களும் மாறும் என்பதில் சந்தேகமே இல்லை.

இலையில் தயாராகும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. கூடவே கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள் எல்லாம் போகின்றன. என்ன கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்பதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அதை உண்ண வரும் பாக்டீரியாக்களில் எதை வேருக்குள் விடுவது என்பதைச் செடியின் நோய் எதிர்ப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அந்த அமைப்பும் மரபணுக்களின் வேலைதான்.

நெல்லிலேயே இதற்கு அருமையான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2019-இல் சீன விஞ்ஞானிகள் 68 இண்டிகா ரகங்களையும் 27 ஜப்பானிகா ரகங்களையும் வயலில் வளர்த்து வேர்களைச் சோதித்தார்கள். நாம் சாப்பிடுவது இண்டிகா. ஜப்பானியர்களின் ஒட்டும் தன்மையுள்ள அரிசி ஜப்பானிகா. இண்டிகா வேர்களில் பாக்டீரியா வகைகள் அதிகம். தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மாற்றித் தரும் வேலையோடு தொடர்புள்ளவை அங்கே கூடுதலாக இருந்தன. இந்த வித்தியாசத்தோடு ஒரு மரபணுவைத் தொடர்புபடுத்தினார்கள்: என்.ஆர்.டி.1.1பி. தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டை உணர்ந்து உள்ளே எடுத்துக்கொள்ள உதவும் மரபணு அது. அதைச் செயலிழக்கச் செய்த செடிகளில் அந்தப் பாக்டீரியாக்கள் பலவும் குறைந்துபோயின.

அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வேர்களிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, இண்டிகாவில் மிகுந்தவற்றை ஒரு கூட்டமாகவும் ஜப்பானிகாவில் மிகுந்தவற்றை இன்னொரு கூட்டமாகவும் சேர்த்து நெல் நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தழைச்சத்து கரிம வடிவில் மட்டும் இருந்தபோது, இண்டிகா கூட்டம் கிடைத்த நாற்றுகள் கூடுதலாக வளர்ந்தன. தொழுவுரத்தை நம்பி நெல் விளைவிப்பவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

சரி, உங்கள் இரண்டு ரகங்களுமே இண்டிகாதானே என்று கேட்பீர்கள். உங்கள் கேள்விக்கு இன்னும் கிட்டே வரும் சோதனையும் உண்டு. அசோஸ்பைரில்லத்தின் இரண்டு வகைகளை இரண்டு நெல் ரகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வகையும் எந்த ரகத்தின் வேரிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த ரகத்துக்கே அதிகம் உதவியது.

அதற்காக எல்லாம் விதையில்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012-இல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸை வைத்து ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில், வேரில் யார் இருப்பது என்பதை மண் வகைதான் பெருமளவு தீர்மானித்தது. ரகத்தின் பங்கு சிறியது. மண்ணில் இல்லாத பாக்டீரியாவை எந்த மரபணுவாலும் வரவழைக்க முடியாது.

ஆனால் அந்தச் சிறிய பங்கு சில செடிகளில் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். மெக்சிகோவின் ஓஹாகா மலைப் பகுதியில், சத்துக் குறைந்த மண்ணில் விவசாயிகள் தலைமுறைகளாகப் பேணிவரும் மக்காச்சோளம் ஒன்று இருக்கிறது. தண்டில் தடித்த காற்று வேர்கள் விட்டு, அவற்றிலிருந்து கொழகொழவென்று சர்க்கரைக் கூழ் வடிக்கும். அதில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. 2018-இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, அந்தச் செடி தன் நைட்ரஜனில் 29 முதல் 82 சதவீதம் வரை இப்படிக் காற்றிலிருந்து பெறுகிறது.

யூரியாவைத் தாராளமாகப் போட்ட திடலில் மட்டும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், இப்படிப்பட்ட குணம் கண்ணில் படாமலே கழிந்துபோகும். புது ரகங்களை உரம் குறைந்த திடலிலும் சோதிக்க வேண்டும், உயிர் உரத்தை ரகவாரியாகப் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த சம்பாவில் இரண்டு ரகத்திலும் அசோஸ்பைரில்லம் போடாத ஒரு பாத்தியை விட்டுவையுங்கள். எந்த ரகத்துக்கு அது உண்மையில் உதவுகிறது என்று அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.