பெரிய நகரங்களின் மேல் சிறு விமானம் ஓட்டுபவர்கள் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலரை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கேள்வியில் முக்கியமாக இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி நெரிசலான வான்பரப்பில் சொந்தமாகவோ வாடகைக்கோ செஸ்னா ஓட்டும் சாதாரண ஆட்களுக்கு உள்ளே நுழைய அனுமதி கிடைக்குமா, கன்ட்ரோலர்கள் எரிந்து விழுவார்களா என்று.

அனுமதி பெரும்பாலும் கிடைக்கும். எரிந்து விழுவதும் உண்டு, ஆனால் சின்ன விமானத்தில் வந்ததற்காக யாரும் திட்டி நான் கேட்டதில்லை. எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் ரேடியோவை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசிப்பவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் அமெரிக்காவில் செஸ்னா 172 வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன், அதனால் அங்குள்ள விதிகளை வைத்தே சொல்கிறேன்.

மிகப் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி இருப்பது கிளாஸ் பி வான்பரப்பு, ரேடியோ பாஷையில் பிராவோ. கவிழ்த்து வைத்த கொலுப்படி மாதிரி இருக்கும்: தரைக்கு அருகே சின்ன வட்டம், மேலே போகப் போக அகலம். உச்சி பல ஊர்களில் 10,000 அடி, நியூயார்க்கில் 7,000. வெளிப்படிகளுக்கு அடியில் அனுமதி இல்லாமலே போகலாம், ஆனால் நிலையத்திலிருந்து 30 கடல் மைலுக்குள் இருந்தால் உயரத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி) வேண்டும், 2020 ஜனவரியிலிருந்து விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவியும் வேண்டும்.

இனி முக்கியமான சமாச்சாரம். கன்ட்ரோலர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்கும் உங்களை உள்ளே விட்டுவிட்டார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் டிரான்ஸ்பாண்டரில் வைக்க நாலு இலக்க எண் (ஸ்குவாக்) கொடுப்பார், "ரேடார் கான்டாக்ட்", அதாவது ரேடாரில் தெரிகிறீர்கள் என்பார், காற்றழுத்த அளவு சொல்வார், குரலும் நட்பாகவே இருக்கும், எல்லாம் முடிந்து நீங்கள் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆனால் "கிளியர்ட் டு என்டர் பிராவோ ஏர்ஸ்பேஸ்" என்ற சொற்கள் உங்கள் விமானத்தின் அழைப்புக்குறியோடு (ரேடியோவில் அதைக் கூப்பிடும் பெயர்) சேர்ந்து காதில் விழாதவரை எல்லையைத் தாண்டக் கூடாது. கன்ட்ரோலர் ரேடாரில் நம்மைத் தொடர்ந்து பார்த்துவரும் ஃப்ளைட் ஃபாலோயிங்கில் இருக்கிறோமே, அவருக்குத்தான் நாம் போகும் வழி தெரியுமே என்பதெல்லாம் செல்லாது. சந்தேகமாக இருந்தால் "வெரிஃபை கிளியர்ட் இன்டு பிராவோ?" என்று கேட்டுவிட வேண்டியதுதான், இரண்டு நொடி வேலை. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கேட்டால் கத்துக்குட்டி என்று நினைப்பார்களாம். நினைத்துவிட்டுப் போகட்டுமே.

இந்தக் கறார் சும்மா வந்ததில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் செரிடோஸ் என்ற ஊருக்கு மேலே பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானம் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட வான்பரப்புக்குள் போய்விட்டது, அதன் டிரான்ஸ்பாண்டர் உயரம் சொல்லாத வகை, இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9 பயணிகள் ஜெட் அதில் மோதியது. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் செத்தார்கள். நாம் இன்று டிரான்ஸ்பாண்டருக்குச் செலவழித்துவிட்டுப் புலம்புவதும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதும் பெரிதும் இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அடுத்த கட்டம் கிளாஸ் சி, நடுத்தர நிலையங்கள். இங்கே அனுமதி என்ற சொல்லே தேவையில்லை, இருவழித் தொடர்பு ஏற்பட்டால் போதும். நீங்கள் கூப்பிட்டு, அவர் உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, வெளியே நில் என்று சொல்லாதவரை உள்ளே போகலாம். வெறுமனே "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்றால் ஏற்படவில்லை, வெளியேதான் சுற்ற வேண்டும். ஒரே "ஸ்டாண்ட்பை"தான், முன்னால் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். தேர்வில் இதைக் கேட்காத எக்ஸாமினர் இருப்பாரா என்பது சந்தேகம்.

எப்படிக் கூப்பிடுவது? அலைவரிசைக்கு மாறியதும் உடனே பேச ஆரம்பிக்காதீர்கள், அரை நிமிடமாவது கேளுங்கள். கன்ட்ரோலர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் முதல் அழைப்பில் முழுக்கதையும் வேண்டாம்: "அப்ரோச், செஸ்னா ஃபைவ் செவன் கிலோ, விஎஃப்ஆர் ரிக்வெஸ்ட்", அவ்வளவுதான் (அப்ரோச் என்பது நிலையத்தைச் சுற்றிய வான்பரப்பைப் பார்க்கும் கன்ட்ரோலர், விஎஃப்ஆர் என்றால் கண்ணால் பார்த்து ஓட்டுவது). அவருக்குக் கை ஒழிந்ததும் "ஃபைவ் செவன் கிலோ, கோ அஹெட்" என்பார். அப்போது எங்கே இருக்கிறீர்கள், எந்த உயரம், எங்கே போக வேண்டும், எந்த வழியாக என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எல்லைக்கு இரண்டு மைல் இருக்கும்போது கூப்பிட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று தவிக்கக் கூடாது, பத்துப் பதினைந்து மைல் தள்ளியே கூப்பிடுங்கள். அப்புறம் "ரிமெய்ன் அவுட்சைட் பிராவோ" என்று சொல்லிவிட்டால் எந்த வழியாகச் சுற்றிப் போவது என்பதைத் தரையிலேயே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும், எரிபொருளும் அதற்கேற்ப.

நம் ஆட்கள் பலர் தனியாகக் கேட்பது, நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமா, அவர்கள் வேகம் நமக்குப் புரியுமா என்று. நியூயார்க் அப்ரோச்சில் பேசுவதைக் கேட்டால் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவனுக்கே முதலில் பாதி புரியாது, அதனால் அதை நம் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஸே அகெய்ன்" என்று கேட்க விதியே இடம் தருகிறது, சொல்லப்போனால் புரியாவிட்டால் உடனே விளக்கம் கேட்க வேண்டும் என்பதுதான் விதி. பயிற்சியில் இருந்தால் முதல் அழைப்பிலேயே "ஸ்டூடன்ட் பைலட்" என்று சேருங்கள், ஊர் புதிது என்றால் "அன்ஃபெமிலியர்" என்று சேருங்கள். சட்டென்று வேகத்தைக் குறைப்பார்கள், காதாலேயே உணரலாம்.

வெளியே இருப்பவர்களுக்கு வினோதமாகத் தோன்றும் இன்னொன்று: பெரிய நிலையத்தைக் கடக்க மிகச் சுத்தமான வழி, பல நேரம் அதன் ஓடுபாதைகளுக்கு நேர் மேலே குறுக்காகப் போவதுதான். யோசித்துப் பார்த்தால் சரிதான், அங்கே ஜெட்டுகள் தரையில் இருக்கும் அல்லது தரையை ஒட்டி இருக்கும், 3,500 அடியில் யாரும் இருக்க மாட்டார்கள். தொல்லை எல்லாம் பத்து மைல் தள்ளி, இறங்க வருகிறவர்கள் வரிசை கட்டும் பக்கத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் இதற்கென்றே ஒரு பாதை இருக்கிறது: தென்கிழக்கே போனால் 3,500 அடி, வடமேற்கே போனால் 4,500 அடி, ஸ்குவாக் 1201, வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்குள், விளக்குகள் எரிய வேண்டும். பிராவோவுக்கு நடுவில் இருந்தாலும் கன்ட்ரோலரிடம் பேசவே தேவையில்லை, விமானிகள் ஒரு பொது அலைவரிசையில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கீழே குனிந்து பார்த்தால் ஒரு ஜெட் ஓடுபாதையை விட்டு எழும்புவது நமக்கும் கீழே நடக்கும்.

நியூயார்க்கின் ஹட்சன் நதியும் இப்படித்தான், ஆனால் அது இன்னும் நெருக்கம். 1,300 அடிக்குக் கீழே நதிக்கு மேல் பிராவோ கிடையாது, போகிற திசைக்கு வலப்பக்கக் கரையை ஒட்டிப் பறக்க வேண்டும், 123.05 அலைவரிசையில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல், சுதந்திர தேவி சிலை என்று ஒவ்வொன்றும் வரும்போது நம் விமானம், உயரம், திசை சொல்ல வேண்டும். முன்பு இவற்றில் பல வெறும் பரிந்துரையாக இருந்தன. 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் நதிக்கு மேலே மோதி 9 பேர் இறந்த பிறகு, அதே வருடம் நவம்பரில் கட்டாயமாக்கினார்கள். கடந்துபோகிறவர்கள் 1,000 அடிக்கு மேலே, சுற்றிப் பார்க்கிற ஹெலிகாப்டர்கள் அதற்குக் கீழே என்று பிரித்ததும் அப்போதுதான். என்னைக் கேட்டால் முதல் முறை ஒரு பயிற்றுநரோடு போங்கள். மன்ஹாட்டன் உங்கள் இறக்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போது வெளியே பார்க்காமல் ரேடியோவில் கவனம் வைப்பது லேசில்லை, இதில் பக்கத்தில் இருப்பவர் வேறு படம் எடுக்க ஜன்னலைத் திறக்கட்டுமா என்பார்.

கன்ட்ரோலரிடம் சொல்லும் சொற்களில் மிகக் கனமானது எது என்றால் நான் "டிராஃபிக் இன் சைட்" (அந்த விமானம் கண்ணில் தெரிகிறது) என்பேன். "டூ ஓ'க்ளாக் (கடிகாரத்தில் 2 இருக்கும் திசை, அதாவது வலப்பக்க முன்புறம்), மூன்று மைல், போயிங் 737" என்று அவர் காட்டுகிறார், நீங்கள் "இன் சைட்" என்கிறீர்கள், "மெயின்டெய்ன் விஷுவல் செபரேஷன்", அதாவது கண்ணால் பார்த்து விலகியிருங்கள் என்கிறார். அந்த நொடியிலிருந்து விலகியிருக்கும் பொறுப்பு உங்களுடையது. எதையோ பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதானாக இருக்கும் என்று நினைத்து இதைச் சொல்லக் கூடாது. 1978-இல் சான் டியேகோவில் பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 பயணிகள் ஜெட் ஒரு செஸ்னா 172-ஐ முந்தும்போது மோதி 144 பேர் இறந்தார்கள். ஜெட்டின் விமானிகள் செஸ்னாவைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள், பிறகு கண்ணிலிருந்து அது மறைந்தபோது அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் ஜெட்டும் மோதி 67 பேர் இறந்ததிலும், ஹெலிகாப்டர் தரப்பு விமானத்தைப் பார்த்துவிட்டோம், விஷுவல் செபரேஷன் கொடுங்கள் என்று கேட்டுத்தான் வாங்கியிருந்தது. தெரியவில்லையா, "லுக்கிங்" அல்லது "நெகட்டிவ் கான்டாக்ட்". பார்த்துக்கொண்டிருந்தது மறைந்துவிட்டதா, உடனே சொல்லுங்கள். அவர் வேறு உயரமோ திசையோ கொடுப்பார், அது அவருடைய அன்றாட வேலை.

இதோடு சேர்ந்தது "அனேபிள்", அதாவது என்னால் முடியாது என்ற சொல். கன்ட்ரோலர் ஒரு திசை கொடுக்கிறார், அந்தத் திசையில் மேகம், நீங்கள் கண்ணால் பார்த்து ஓட்டும் விஎஃப்ஆர் விமானி. பிராவோவுக்குள் மேகத்துக்கு வெளியே இருந்தால் போதும் என்று சலுகை உண்டு, ஆனால் உள்ளே போகக் கூடாது. அவருடைய திரையில் அந்த மேகம் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை. "அனேபிள், கிளவுட்ஸ்" என்று சொன்னால் வேறு திசை வரும். பெரிய ஜெட்டுக்குப் பின்னால் வரிசையில் போட்டு வேகத்தைக் குறைக்காதே என்கிறார், உங்கள் விமானத்துக்கோ உங்கள் கைக்கோ அது ஒத்துவராது, அப்போதும் அதே சொல்தான். விமானத்தின் இறுதிப் பொறுப்பு விமானியுடையது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கன்ட்ரோலருக்குக் கோபம் வருமே என்று மேகத்துக்குள் போனால் அந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

சரி, தப்பாக உள்ளே போய்விட்டால்? "பாசிபிள் பைலட் டீவியேஷன்" (விமானி விதி மீறியிருக்கலாம்) என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அலைவரிசையில் வாதாடாமல் எண்ணை எழுதிக்கொண்டு முதலில் ஒழுங்காக இறங்குங்கள். நாசா 1976 முதல் நடத்தும் ஒரு அறிக்கை முறை இருக்கிறது, சம்பவம் நடந்த 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், வேண்டுமென்று செய்ததில்லை, விபத்தில்லை என்றால், பொதுவாக லைசென்ஸ் இடைநிறுத்தத்திலிருந்தும் அபராதத்திலிருந்தும் தப்பலாம். விதிமீறல் நடந்தது என்பது பதிவில் இருக்கும், தண்டனைதான் விலகும்.

கடைசியாக, "அந்தப் பெரிய நிலையத்திலேயே இறங்க முடியுமா" என்றும் கேட்டிருந்தீர்கள். பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருந்தால் சட்டப்படி லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா மாதிரி இடங்களிலும் இறங்கலாம். தனியாக ஓட்டும் மாணவ விமானிகளுக்கு மட்டும் இந்த மாதிரி சில நிலையங்கள் தடை. மற்றவர்களைத் தடுப்பது பெரும்பாலும் இறங்குகட்டணமும் நிறுத்துகட்டணமும்தான், அவற்றை முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.