நாவல் கொட்டைச் சாரத்துக்கு டிபிபிஎச் சோதனை செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஐசி50 வருகிறதே, ஏன்?

டிபிபிஎச் ஊதா நிறப் பொருள்; ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சாரம் பட்டால் மஞ்சளாகும். அதில் பாதியை அடக்கத் தேவையான சாரத்தின் செறிவுதான் ஐசி50. ஒரே மரத்துக் கொட்டை, ஒரே மெத்தனால், ஆனால் ஆனியில் அரைத்த பொடிக்கு ஓர் அளவு, ஆவணியில் அரைத்ததற்கு வேறு அளவு என்கிறீர்கள். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்மேல் பழி போடும் முன் கொட்டை எப்படிக் காய்ந்தது என்று பாருங்கள்.

நவ்வாப்பழம் வருவதும் குற்றாலத்தில் சாரல் விழுவதும் ஒரே காலம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அப்போது நிழலில் பரப்பினால் ஒரு வாரம் ஆனாலும் உள்ஈரம் போகாது. தோல் மொறுமொறுவென்று இருக்கும். உடைத்தால் பருப்பு ரப்பர் மாதிரி வளையும், ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஈரம் இருக்கும்வரை நொதிகள் பீனால்களைத் தின்றுகொண்டே இருக்கும். நீங்கள் அளக்கப் போகும் கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், டானின் எல்லாம் அந்த வகைதான். சதை ஒட்டாமல் கழுவி, பருப்பை நறுக்கி, 40 டிகிரி உலர்த்தியில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். கடைப்பொடி வேண்டாம், எந்த வருஷத்துக் கொட்டை என்று யாருக்கும் தெரியாது.

10 கிராம் பொடிக்கு 100 மில்லி 70% மெத்தனால், 24 மணி நேரக் குலுக்கல், வாட்மேன் 1 தாளில் வடிகட்டல் போதும். நாவலில் எண்ணெய் குறைவு. முருங்கை விதை என்றால் முதலில் ஹெக்சேனில் எண்ணெயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கியூவெட்டில் (அளவீட்டுக் குப்பியில்) கரைசல் கலங்கும்.

டிபிபிஎச் 3.94 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் அன்றன்றே கரையுங்கள். இதில் 3 மில்லியுடன் சாரம் 1 மில்லி, இருட்டில் 30 நிமிடம், பிறகு 517 நானோமீட்டர் ஒளியில் அளவீடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள சாரக் கரைசல் குழாய்க்குள் போனதும் 25 ஆகிவிடும். ஒரு நாள் முன்னதையும் மறுநாள் பின்னதையும் குறித்தால் நான்கு மடங்கு வித்தியாசம் வரத்தான் செய்யும். மில்லிக்கு 1 மில்லிகிராமில் தொடங்கினால் எல்லாக் குழாயும் மஞ்சளாகிவிடும், ஐசி50 கணக்கே போட முடியாது; கலவையில் மில்லிக்கு 2 முதல் 50 மைக்ரோகிராம் வரை வைத்துப் பாருங்கள். சாரத்துக்கே பழுப்பு நிறம் உண்டு, எனவே டிபிபிஎச்சுக்குப் பதில் மெத்தனால் ஊற்றிய ஒரு குழாயையும் அளந்து கழியுங்கள். நம்மூர் கத்திரி வெயிலில் மூடாத குழாயில் மெத்தனால் ஆவியாகிச் செறிவு கூடும், மூடி போடுங்கள்.

(சர்க்கரை நோய்க்கு இது கேட்குமா என்பது வேறு சோதனை. டிபிபிஎச் அதைச் சொல்லாது.)

தினமும் ஒப்பீட்டுக்கு அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) சேர்த்து ஓட்டுங்கள். அதன் ஐசி50-யும் நகர்ந்தால் கோளாறு டிபிபிஎச் கரைசலில் அல்லது கையில். அது அசையாமல் நாவல் மட்டும் நகர்ந்தால் மறுபடி கொட்டையை உடைத்துப் பாருங்கள்.