பெரிய சைஸ் ஸ்கேற்றும் மொட்டைப் பிளேட்டும்

கேள்வி: மகனுக்கு 8 வயசு. வளர்ற பிள்ளை எண்டு சப்பாத்து அளவுக்கு மேல இரண்டு சைஸ் கூட்டி ஐஸ் ஸ்கேற் வாங்கினனான். கணுக்கால் மடியுது எண்டு அழுகிறான். இன்னொரு சோடி சொக்ஸ் போட்டால் சரிவருமா? (ஏஜாக்ஸ், கனடா)

பதில்: வராது. ஊரில் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய கணக்கை ஐஸுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே நுனியில் பஞ்சை அடைத்து இரண்டு வருஷம் ஓட்டினோம், யாரும் விழவில்லை. ஸ்கேற்றுக்குள் குதிக்கால் அசைந்தால் அடியில் உள்ள இரும்புப் பிளேட் நேராக நிற்காது. ஹொக்கி ஸ்கேற் பெரும்பாலும் சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் இரண்டைக் கூட்டியிருக்கிறீர்கள். மூன்று சைஸ் வெளியை எந்தச் சொக்ஸ் நிரப்பும்? நாடாவைக் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் போகலாம். இரண்டு போனால் கடைக்குத் திரும்புங்கள்.

நானும் இதே பாவத்தைச் செய்தவன்தான். மகளுக்கு வாங்கிய பெரிய ஸ்கேற் அளவாக வந்த வருஷம், அவளுக்கு ஐஸே வேண்டாம் என்றாகிவிட்டது. பிள்ளைகளின் ஸ்கேற் தேய்வதற்குள் கால் வளர்ந்துவிடும். பாவித்ததை அளவாக வாங்குங்கள். ஹெல்மெற்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையதில் உள்ளே விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: புது ஸ்கேற், பிளேட் மொட்டை. ஏமாத்திப்போட்டாங்கள்! (பிறம்ரன்)

பதில்: இல்லை. புது ஸ்கேற் பெரும்பாலும் கூர் தீட்டாமல்தான் வரும். தீட்டக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில விளம்பரம் பார்த்து பேரனுக்கு மரச் சறுக்குவண்டி, 89 டொலர், கிரெடிட் கார்டில கட்டினன். டிசம்பர் முதல் கிழமை வரும் எண்டவை. இப்ப ஜனவரி கடைசி. மெயிலுக்கும் பதில் இல்லை. (ஸ்காபரோ)

பதில்: அம்மா, பிழை உங்களில் இல்லை. ஒன்ராறியோவில், சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் பொருள் வராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். இன்றைக்கே எழுத்தில் ரத்துச் செய்து, பிரதியை வைத்திருங்கள். 15 நாளுக்குள் காசு வராவிட்டால் கார்ட் கொம்பனிக்கு எழுதுங்கள். நல்லவேளை, ஈ-ட்ரான்ஸ்பரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மெயில் வழியாக, அனுப்பவில்லை. அதை மீட்பது குதிரைக்கொம்பு.

பேரனுக்கு இப்போதைக்கு ஒரு நுரைப் பலகை போதும். வட்டத் தட்டு வேண்டாம்; அது சுழலும், திருப்ப முடியாது. போகும் குன்றில் தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஜனவரியில் ரொறன்ரோ நகரசபை 45 குன்றுகளில் சறுக்கத் தடை போட்டது.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெற் வீட்டில கிடக்கு. ஐஸில சறுக்கிறதுக்கு இன்னொண்டு எதுக்கு?

பதில்: அது ஒரு பலத்த அடிக்கென்று செய்தது. உங்கள் பிள்ளை ஒரு பின்னேரத்தில் இருபது தரம் விழும். சீஎஸ்ஏ என்ற கனடியத் தர முத்திரையுள்ள ஹொக்கி ஹெல்மெற் வாங்குங்கள்.

கேள்வி: பிரிச்சு ஒருக்கா போட்ட ஸ்னோ பான்ற்ஸ், ரசீதும் இல்லை. கடை திருப்பி எடுக்குதில்லை.

பதில்: ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி: கராஜ் சேலில ஸ்கீ, 40 டொலர். எடுக்கலாமா? (மார்க்கம்)

பதில்: சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கைப் பாருங்கள். விழும்போது சப்பாத்தை விடுவிப்பது அதுதான். விடாவிட்டால் முழங்கால் போகும். மிகப் பழைய பைண்டிங் என்றால் ஸ்கீக் கடைகள் கைவைக்க மாட்டா. நான் வாங்கியதும் அதே 40 டொலர்தான். இரண்டும் இப்போது பின்வளவில் தக்காளிக்கு முட்டு.